படத்துக்கு அடியில் இருந்த கறுப்புப் பட்டை

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. சாப்பாட்டு மேசைக்கு மேலே எரிந்த டியூப்லைட்டை நோக்கி அது உயர்ந்திருந்தது. விரல்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டு. கேரம் காயின் அகலம், அதைவிடத் தடிமன். வட்டின் மையத்தில் நகத்தளவு உலோகம். கை சாய்ந்தபோது அந்த உலோகம் விளக்கை அப்படியே திருப்பிக் காட்டியது. இன்னும் கொஞ்சம் சாய்ந்ததும் மங்கிவிட்டது.

கை என் மனைவியுடையது.

"கீறல் பாக்குறியா?" என்றேன்.

"துரு பாக்குறேன். ரெண்டுல ஏறியிருக்கு." கண்ணை எடுக்காமலே லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். "மெயில் வந்திருக்கு. படிங்க."

ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். விளிப்பு இல்லை, வாழ்த்து இல்லை. தமிழில் சொன்னால் இப்படி: "வழக்கத்தைவிடச் சிறியவை என்று எழுதியிருக்கிறீர்கள். படங்கள் எதிலும் அளவுக்கோடு இல்லை. எவ்வளவு சிறியவை?"

அனுப்பியவர் அடையாற்றுக்குத் தெற்கே ஒரு கல்வி நிறுவனத்தில் உலோகவியல் பேராசிரியர். ஆராய்ச்சி இடம் கேட்டு அந்தச் சேர்க்கைப் பருவத்தில் அவள் எழுதிய கடிதங்களுக்கு, கேள்வி கேட்டு வந்த ஒரே பதில் அதுதான்.

அவள் படித்தது உலோகவியல். பட்டமேற்படிப்பு முடித்ததும் அம்பத்தூரில் ஒரு ஃபவுண்டரியின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பம்புகளுக்கான பாகங்களை வார்க்கும் இடம். அங்கே பயன்படுத்தும் இரும்பில் கரி உருண்டை உருண்டையாகத் திரண்டு கிடக்கும். அந்த கிராஃபைட் உருண்டைகள் நன்றாக அமைந்தால் இரும்பு எளிதில் உடையாது. வார்ப்பின் சுவர் மெலிதாகும்போது அவை சரியாக அமைவதில்லை. அதைச் சரிசெய்ய உருகிய இரும்பில் ஒரு பொடியைச் சேர்ப்பார்கள். அந்தப் பொடியை எந்த நேரத்தில் சேர்க்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. முதலாளியிடம் கேட்டு சில சோதனை வார்ப்புகள் செய்து பார்த்தாள். உருண்டைகள் சிறிதாக, நெருக்கமாக வந்தன. ஏன் என்று கண்டுபிடிக்க ஃபவுண்டரியில் நேரமும் இல்லை, கருவியும் இல்லை. முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துச் செய்ய விரும்பினாள். வேலையை விட்டாள்.

கிளம்பும்போது சோதனை வார்ப்பிலிருந்து வெட்டிய துண்டுகளைக் கேட்டிருக்கிறாள். "ஸ்கிராப்புக்குப் போறதுதானேம்மா, எடுத்துக்கோ. புக்கு எதாவது போட்டா நம்ம கம்பெனி பேரைப் போடு" என்றாராம் முதலாளி. அந்தத் துண்டுகள்தான் கறுப்பு வட்டுகளுக்குள் பதித்து, பிஸ்கட் டப்பாவில், மாத்திரை பாட்டில்களிலிருந்து சேர்த்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு எங்கள் வீட்டில் இருந்தவை. அபிராமபுரத்தில் அடைமழைக் காலத்தில் பொட்டலம் தோற்றுப்போகும்.

உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு. அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த பருவத்தில் அவள் அதைத் தாண்டியிருப்பாள். உதவித்தொகை இல்லாமல் முழுநேர ஆராய்ச்சி என்பது, ஒரு நாளிதழ் உதவி ஆசிரியரின் சம்பளத்தில் வாடகை கட்டும் வீட்டில் நடக்காத காரியம். இருவருக்கும் இது தெரியும். அதனால் பேசிக்கொண்டதில்லை.

வேலை தேடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆய்விடம் தேடுவது அதிலிருந்து வேறுபட்டது. விளம்பரம் ஒரு பக்கம் வரும். ஆனால் பல இடங்களில், வழிகாட்டி ஒருவர் "இவரை எடுத்துக்கொள்கிறேன்" என்று முன்பே சொல்லியிருந்தால்தான் நேர்முகத் தேர்வில் நம் பேச்சு எடுபடும். அதனால் அவள் ஒவ்வொரு நாளும் கல்லூரிகளின் இணையப் பக்கங்களைத் திறந்து, யார் எதில் ஆய்வு செய்கிறார் என்று படிப்பாள். பொருளறிவியல் என்ற தலைப்பின் கீழ் பேட்டரி இருக்கும், நானோ துகள் இருக்கும், சூரியத் தகடு இருக்கும். இரும்பு அபூர்வமாகத்தான் இருக்கும். "வார்ப்பிரும்பா? இன்னுமா?" என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஐரோப்பாவில் ஆராய்ச்சி மாணவரைச் சம்பளத்துக்கு எடுக்கும் விளம்பரங்களுக்கும் எழுதினாள். கிடைக்கப்பெற்றோம் என்று இயந்திரம் பதில் போடும். பிறகு ஒன்றும் வராது.

இந்தப் பேராசிரியரின் பெயரைச் சொன்னது முன்பின் தெரியாத ஒரு பெண். அதே நிறுவனத்தில் வேறொருவரிடம் ஆராய்ச்சி மாணவி. என் மனைவி இணையத்தில் பார்த்து எழுத, "டீக்கடைக்கு வாங்கக்கா, பேசலாம்" என்று அடையாறு டெப்போவுக்குப் பக்கத்துக் கடைக்கு வரச் சொன்னாள். வார விடுமுறை என்பதால் நானும் போனேன். மெட்ரோ வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்புக்கும் கடைக்கும் நடுவே நின்றுகொண்டு, எந்த ஆய்வகத்தில் எது நடக்கிறது என்று அவள் சொன்னதைக் கேட்டபோது நல்ல நிருபர் ஒருத்தியை எங்கள் பத்திரிகை இழந்துவிட்டது என்று தோன்றியது.

"யார்கிட்ட போனாலும் முதல்ல ஃபர்னஸ் ஓடுதான்னு கேளுங்கக்கா. வெப்சைட்ல எல்லார் ஃபர்னஸும் ஓடும்."

"யாரோடது நெஜமாவே ஓடுது?"

"இவரோடது ஓடும். ஆனா மனுஷன் சிரிக்க மாட்டார். பெரிய மெயில் போட்டா படிக்கவும் மாட்டார்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது.

என் மனைவி தன் ஆய்வுத் திட்டத்தை ஆறு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தாள். என் தொழிலே ஆறு பக்கத்தை இரண்டாக்குவது. மூன்றாவது பக்கத்தில் இருந்த செய்தியை முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன். "ஆர்வமாக உள்ளேன்" என்று வந்த இடங்களையெல்லாம் எடுத்தேன். "ஒண்ணாவது இருக்கட்டுமேப்பா" என்றாள். ஒன்றை விட்டேன். நுண்ணோக்கியில் எடுத்த மூன்று படங்களை ஒரே அளவில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு கறுப்புப் பட்டை, அதில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு, சில பொடி எழுத்துகள். பார்க்க அசிங்கமாக இருந்தன. வெட்டினேன்.

பத்திரிகையில் வெளியிலிருந்து வரும் படங்களின் அடியில் இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். தேதி, நிறுவனக் குறி, கோப்பு எண். பக்கம் கட்டுகிறவன் முதலில் செய்வது அதை நறுக்குவதுதான். கை தானாகவே செய்யும். அவளுக்கும் உறுத்தவில்லை. "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். ஃபவுண்டரி ஆய்வகத்தில் சுவரில் ஒரு படஅட்டை தொங்கும். நல்ல உருண்டை, சுமாரான உருண்டை, மோசமான உருண்டை என்று வரிசையாக. எப்போதும் நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள், அட்டையோடு ஒப்பிடுவார்கள், எழுதிவைத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். பட்டையில் இருக்கும் அளவுக்கோட்டை யாரும் பார்ப்பதில்லை. அவளும் பார்த்ததில்லை.

அந்த இரண்டு பக்கம்தான் பேராசிரியருக்கும் வேறு பலருக்கும் போனது. படங்கள் இருந்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தோம். மாடி வீட்டு மாமி ரசப்பொடி கொடுக்க வந்தவர் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னடி இது, ஊத்தப்பத்தைப் படம் புடிச்சு ஒட்டி வெச்சிருக்கே? வெங்காயம்லாம் கருகின்னா போயிருக்கு!"

"இரும்பு மாமி."

"இரும்புல இத்தனை ஓட்டையா? அப்போ காரெல்லாம் எப்படி ஓடிண்டிருக்கு?"

"ஓட்டை இல்ல மாமி, கிராஃபைட். பென்சில்ல இருக்குமே, அது. உருண்டை உருண்டையா உள்ள இருக்கும்."

"மிளகு சைஸ் இருக்குமா?"

"ஐயோ, கண்ணுக்கே தெரியாது."

"பாத்தா அப்படித் தெரியலையே" என்றார் மாமி.

மெயில் வந்த காலை, துருவைப் பார்த்து முடித்ததும் அவள் ஃபவுண்டரியில் உடன் வேலை செய்த பெண்ணை அழைத்தாள். ஆய்வகக் கணினியில் மூலப்படங்கள் இருக்குமா? "அந்த சிஸ்டமா? விண்டோஸ் மாத்தினாங்கக்கா. உங்க ஃபோல்டரு, என் பொண்ணு பர்த்டே போட்டோ, எல்லாம் போச்சு" என்றது ஸ்பீக்கர். எங்கள் லேப்டாப்பில் நான் வெட்டிய படங்களை அதே பெயரில் சேமித்திருந்தேன். பென்டிரைவில் அப்புறம் வேறெதையோ ஏற்றியாகிவிட்டது. அலுவலகத்தில் மூலப்படம் சர்வரில் பத்திரமாக இருக்கும். நான் கை வைப்பது பிரதியில்தான். வீட்டில் சர்வர் கிடையாது என்பது அன்று காலை எனக்கு உறைத்தது.

"ஒண்ணு பண்ணலாம்" என்றேன். "எப்பவும் நூறு மடங்குலதானே பாப்பீங்க? கணக்குப் போட்டா வருமே. கீழே ஒரு வெள்ளைக் கோடு போட்டு, அம்பது மைக்ரான்னு எழுதிடறேன். ஒரு உருண்டை அந்த அகலம்தான் வருது. ரெண்டு நிமிஷ வேலை."

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

"எப்பவும் நூறுதான். ஆனா அந்த ட்ரயல் அன்னிக்கு லென்ஸ் மாத்தினேனான்னு ஞாபகம் இல்ல."

"சுமாரா..."

"உங்க பேப்பர்ல விபத்துல செத்தவங்க எண்ணிக்கையை சுமாராப் போடுவீங்களா?"

"முதல் நாள் போடுவோம்."

சிரித்துவிட்டாள். ஆனால் கோடு போட விடவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பதிலைத் தானே தட்டினாள்: "பக்கத்தை என் கணவர் அழகுபடுத்தும்போது பட்டைகள் வெட்டப்பட்டுவிட்டன. மூலப்படங்கள் இப்போது என்னிடம் இல்லை. எத்தனை மடங்கு பெரிதாக்கி எடுத்தேன் என்பது நிச்சயமாகத் தெரியாது. துண்டுகள் என்னிடம் இருக்கின்றன. நுண்ணோக்கி ஒன்றைப் பயன்படுத்த அனுமதித்தால் மறுபடி மெருகேற்றிக் கொண்டுவந்து அளந்து காட்டுகிறேன்."

"'நிச்சயமாகத் தெரியாது'ன்னு எழுதணுமா?" என்றேன். "கொஞ்சம் வேற மாதிரி..."

"வேற மாதிரி இல்லையே."

அனுப்பினாள். அன்று முழுக்க ஒன்றும் வரவில்லை. நான் மாலை ஷிப்டுக்குப் போனேன். பக்கம் கட்டும்போது ஒரு படத்தின் அடிப்பட்டையை வெட்டப் போய், ஒருமுறை படித்துவிட்டு வெட்டினேன். மறுநாள் பகலில் பதில் வந்தது. "வியாழன், பதினோரு மணி. பாலிஷ் செய்து கொண்டு வரவும்."

ஃபவுண்டரியில் மெருகேற்ற இயந்திரம் உண்டு. வீட்டில் எங்களிடம் இருந்தது சாப்பாட்டு மேசையின் கண்ணாடி. அதுவே போதும் என்றாள். சமதளமாக இருந்தால் சரி. அதன் மேல் உப்புத்தாளை நீரில் நனைத்து வைத்துத் தேய்க்க வேண்டும். முரட்டுத் தாளில் தொடங்கி நைசான தாள் வரை. கடைசியில் வெல்வெட் துணியில் அலுமினாப் பொடி கரைத்து ஒரு தேய்ப்பு. பொடி நான் தருகிறேன் என்று டீக்கடையில் பேசிய பெண் சொல்லிவிட்டாள். தாளுக்கும் துணிக்கும் கிளம்பினோம்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஹார்டுவேர் கடை பாய் எங்கள் முகத்தைப் பார்க்காமலே, "இன்னா நம்பருக்கா?" என்றார்.

முரட்டுத் தாளிலிருந்து நைசான தாள் வரை அவள் நம்பர்களை வரிசையாகச் சொன்னாள். ரெண்டாயிரம் என்றதும் நிமிர்ந்தார்.

"ரெண்டாயிரமா? இன்னா, வண்டி டச்சப்பா?"

"இல்ல பாய். பரீட்சைக்கு."

"பரீட்சைக்கு வாட்டர் பேப்பர் வாங்கினு போற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். தாள்களைச் சுருட்டப் போனவர், "சுருட்டாதீங்க பாய், மடிப்பு விழுந்தா கீறிடும்" என்று அவள் பதறியதும் நிறுத்தினார். கடைக்குள் போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, நடுவே தாள்களை வைத்து, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். "பாஸானா வந்து சொல்லு. ஃபெயிலானா பேப்பரு மேல பழி போடாத."

தி.நகரில் பிளவுஸ் பிட் கடையில் கூட்டம். விற்பனையாளர் நாலு பேரிடம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"வெல்வெட்டாம்மா? எந்தப் புடவைக்கு?"

"புடவைக்கு இல்லங்க. இரும்பு தேய்க்க."

அவர் கண் இமைக்கவில்லை. திரும்பி உள்ளே குரல் கொடுத்தார். "டேய், இரும்புக்கு மேட்சா ஒரு வெல்வெட் எடுத்துப் போடு!"

"கிரேவாண்ணே, பிளாக்காண்ணே?" என்று உள்ளிருந்து கேள்வி வந்தது.

பக்கத்தில் கல்யாண ஜவுளி எடுக்க வந்திருந்த குடும்பமே சிரித்தது. என் மனைவியும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு துணியாக எதிர்த்திசையில் தடவிப் பார்த்து, மயிர் குட்டையாக இருந்ததை எடுத்தாள். நிறம் அரக்கு. மயிர் நீளமாக இருந்தால் கிராஃபைட்டைப் பிடுங்கிவிடும் என்று வெளியே வந்ததும் சொன்னாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் சாப்பாடு தரையில். மேசை அவளுக்கு. ஒரு தாளில் ஒரே திசையில் தேய்ப்பாள். தாள் மாறும்போது வட்டைக் கால் சுற்று திருப்பிக்கொள்வாள். முந்தைய தாளின் கீறல்கள் எல்லாம் மறைந்து, புதிய கீறல்கள் மட்டும் ஒரே சீராகத் தெரியும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. கழுவுவாள், டியூப்லைட்டுக்குக் காட்டுவாள், மறுபடி தேய்ப்பாள். சத்தம் பக்கத்து அறையில் படுத்திருந்தால் யாரோ விடாமல் காகிதம் கசக்குவது போல் கேட்கும். ஒரு துண்டை முரட்டுத் தாளில் தேய்க்க என்னை அனுமதித்தாள். கொஞ்ச நேரத்தில் பிடுங்கிக்கொண்டாள்.

"அழுத்தறீங்க. எழுத்தை அடிக்கற மாதிரி தேய்க்கறீங்க."

மாமி நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "இன்னும் அந்த ஊத்தப்பம்தானா?"

"அதேதான் மாமி. வியாழக்கிழமை பரிமாறணும்."

"பேஷா வார்த்துடு" என்று சொல்லிவிட்டுப் போனவர், சாயங்காலம் எங்கள் இருவருக்கும் நிஜமான ஊத்தப்பம் கொண்டுவந்து வைத்தார்.

வியாழக்கிழமை அடையாற்றுப் பாலம் தாண்டவே நேரமானது. பஸ்ஸில் அவள் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வட்டும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி இருந்தது. முகத்தில் விரல் பட்டால் கூட வேலை கெட்டுவிடும். வட்டின் முகத்தைச் சொல்கிறேன். அவள் முகத்தை அன்று நான் அதிகம் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லத் தோன்றும்.

ஆய்வக வாசலில் பேராசிரியரே நின்றிருந்தார். அரைக்கைச் சட்டை, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் வெட்டினவரா?"

"ஆமா சார்."

"நல்லா வெட்டியிருந்தீங்க. மார்ஜின்லாம் ஒரே சீரா இருந்துச்சு." டீக்கடைப் பெண் சொன்னது சரி. அவர் சிரிக்கவில்லை. "வாங்க. நீங்களும் பாருங்க, எதை வெட்டினீங்கன்னு."

முதலில் அவர் நுண்ணோக்கியில் வைத்தது அவளுடைய துண்டை அல்ல. ஒரு கண்ணாடிச் சில்லு. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு அளவுகோல் பொறித்திருந்தார்கள். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கோடுகள். திரையில் அவை ரயில் தண்டவாளக் கட்டைகள் போல அகலமாகத் தெரிந்தன. அதை வைத்துக் கருவியைச் சரிபார்த்த பிறகுதான் கையை நீட்டினார். அவள் பஞ்சைப் பிரித்து முதல் வட்டைக் கொடுத்தாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எங்கள் வீட்டில் காலை ஐந்து நாற்பதுக்கு நான் பார்த்த அதே சாய்ப்பு.

"எதுல தேய்ச்சீங்க?"

"டைனிங் டேபிள்ல சார்."

"ம்."

திரையில் உருண்டைகள் வந்தன. வெள்ளைத் தளத்தில் கறுப்பு வட்டங்கள். எனக்கு இப்போது அவை பழகிய முகங்கள். டீக்கடைப் பெண்ணும் உதவிக்கு வந்திருந்தாள். அவளே ஒவ்வொரு உருண்டையாகக் குறுக்கே கோடு இழுத்து அளந்து எண்ணைச் சொல்ல, என் மனைவி எழுதினாள். கொஞ்சம் எழுதியதும் என் மனைவியின் பேனா நின்றது. மேலே எழுதியதைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி எழுதினாள்.

பேராசிரியர் குனிந்து தாளைப் பார்த்தார். "அடுத்த சாம்பிள்" என்றார். அதையும் அளந்தார்கள். மூன்றாவதையும். பிறகு கண்ணாடிச் சில்லை மறுபடி வைத்துக் கருவியை இன்னொருமுறை சரிபார்க்கச் சொன்னார். சரியாகத்தான் இருந்தது.

"எவ்வளவு இருக்கும்னு நினைச்சீங்க?"

"நூறு மடங்குப் படம்னு நினைச்சிருந்தேன் சார். அந்தக் கணக்குல இதைவிடப் பெருசு. எரநூறுல எடுத்திருக்கேன்போல."

"எழுதினதைவிட உங்க வேலை நல்லா இருக்கு" என்றார். அதை அவர் பாராட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. பிழைதிருத்தம் போலத்தான் சொன்னார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி அவளை நேராகப் பார்த்தார். "மெல்லிசான சுவர்ல இவ்வளவு சின்னதா எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். அதுக்குத்தான் வந்தேன்."

"விண்ணப்பத்துல வழிகாட்டின்னு இருக்கற இடத்துல என் பேரைப் போடுங்க. தேர்வுக் குழு வேற. அங்க நான் ஒருத்தன்தான். இரும்பு-கார்பன் வரைபடம் போடச் சொல்வாங்க, எல்லாரையும் சொல்வாங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

நாங்கள் கிளம்பும்போது நான் கேட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் கேட்காமல் வருவது குற்றம். இத்தனை பேர் பதில் போடாதபோது நீங்கள் ஏன் போட்டீர்கள்?

"ரெண்டே பக்கம் இருந்துச்சு. பஸ்ல படிச்சு முடிச்சேன். முடிச்சதும் ஒரு கேள்வி மிச்சம் இருந்துச்சு. கேட்டேன்." அவ்வளவுதான். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

எந்தச் சூட்டில் இரும்பு எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் அந்த இரும்பு-கார்பன் வரைபடத்தைத் தேர்வுக் குழு அவளைப் போடச் சொன்னது. போட்டாள். ஒரு வெப்பநிலையைத் தவறாகச் சொல்லித் திருத்திக்கொண்டாளாம். வேலை அனுபவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்க, "வேலையில அட்டையோட ஒப்பிடுவோம் சார், இங்க அளக்கணும்" என்றாளாம். முடிவு வெளியான பிற்பகல், பட்டியலில் அவள் பெயரைப் பார்த்ததும் நான் மூன்று முறை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிழை இல்லை. அவள் அதற்குள் சிந்தாதிரிப்பேட்டைக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள். தாள்களைக் கட்டித் தந்த அட்டையில் கடையின் எண் அச்சாகியிருந்தது. "பாய், பரீட்சை பாஸ்." ஸ்பீக்கரில் பாய் யாரிடமோ சொல்வது கேட்டது: "அந்த ரெண்டாயிரம் நம்பர் அக்கா, பாஸாய்டுச்சாம்!"

பத்திரிகையில் படத்தின் அடியில் எடுத்தவர் பெயர் போடுவோம், இடமிருந்தால். இடம் இல்லாவிட்டால் முதலில் போவது அதுதான். இந்த விஷயத்தில் இடம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். ஸ்கிராப்பை எடுத்துக்கொள்ளச் சொன்ன முதலாளி. தன் மதிய நேரத்தை விட்டுத் தகரத் தடுப்போரம் நின்று பேசிய ஆராய்ச்சி மாணவி. அட்டைப் பெட்டியைக் கிழித்த பாய். ஊத்தப்பம் வார்த்த மாமி. பஸ்ஸில் இரண்டு பக்கம் படித்து ஒரு கேள்வி கேட்டவர். இவர்கள் யாருக்கும் இதில் ஒன்றும் ஆகவேண்டியதில்லை. பதில் போடாதவர்கள் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. நாங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து அவர்கள் என்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போது தெரிகிறது.

அவள் இப்போது தினமும் அடையாறு பஸ் பிடிக்கிறாள். சாப்பாட்டு மேசை எங்களுக்குத் திரும்பி வந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு மூலை மட்டும் மங்கல். ஃபிரிட்ஜ் கதவில் அன்று ஆய்வகத்தில் எடுத்த புதிய படம். அடியில் கறுப்புப் பட்டை முழுதாக இருக்கிறது. அதில் ஒரு வெள்ளைக் கோடு, பக்கத்தில் ஒரு எண்.

நான் போடுவதாகச் சொன்ன கோட்டின்படி ஒரு உருண்டையின் அகலம் ஐம்பது மைக்ரான். அளந்தபோது சராசரி இருபத்து நான்கு.